மருத்துவக் காணொலிகளை எந்த அளவுக்கு நம்பலாம்? நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

உடல்நலக் குறைவு ஏற்பட்டவுடன் மருத்துவமனைக்குச் செல்வதற்கு முன்பே கைப்பேசியில் தேடிப் பார்ப்பது இன்று பெரும்பாலான குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. எழுத்தைப் படிப்பதைவிடக் காணொலியைப் பார்ப்பது எளிது; படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது பயன்படுகிறது. தமிழில் நீரிழிவு, மூட்டுவலி, சிறுநீரகக் கல், குழந்தைப்பேறு, தடுப்பூசி என எந்தத் தலைப்பை உள்ளிட்டாலும் நூற்றுக்கணக்கான காணொலிகள் திரையில் வந்து நிற்கின்றன. அவற்றுள் சில தகுதிபெற்ற மருத்துவர்கள் வழங்குபவை. சில, மருந்தோ உணவுப்பொருளோ விற்பதற்காகத் தயாரிக்கப்பட்டவை. பல, நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும் அறிவியல் அடிப்படை இல்லாதவை.

“காணொலிகளைப் பார்க்கவே கூடாது” என்று சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது, தேவையும் இல்லை. “எல்லாவற்றையும் பார்த்து நல்லதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்ற அறிவுரையும் போதாது. எது நல்லது என்று பிரித்தறிவதுதான் நோயாளிக்குக் கடினமான பகுதி. எனவே இக்கட்டுரை எளிய அளவுகோல் ஒன்றை முன்வைக்கிறது. ஒரு காணொலி எவ்வளவு அழகாக இருக்கிறது, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், பேசுபவர் எவ்வளவு உறுதியாகப் பேசுகிறார் என்பவற்றைப் பார்க்க வேண்டாம். அந்தக் காணொலி உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்பதைப் பாருங்கள்.

இந்த அடிப்படையில் மருத்துவக் காணொலிகளை மூன்றாகப் பிரிக்கலாம்: அறிந்துகொள்ளச் சொல்பவை, கூடுதலாக ஒன்றைச் செய்யச் சொல்பவை, செய்துவரும் சிகிச்சையை நிறுத்தவோ, பெற வேண்டிய சிகிச்சையைத் தள்ளிப்போடவோ சொல்பவை. முதல் வகையிலிருந்து மூன்றாம் வகைக்குச் செல்லச் செல்ல ஆபத்து கூடுகிறது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

யூடியூப் தொடங்கி இரண்டே ஆண்டுகளில், அதாவது 2007ஆம் ஆண்டிலேயே, தடுப்பூசி பற்றிய 153 காணொலிகளைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டனர். அவற்றுள் ஏறத்தாழ பாதி தடுப்பூசியை ஆதரித்தன. 32 விழுக்காடு எதிர்த்தன. எஞ்சியவை இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்தன. எதிர்த்துப் பேசிய காணொலிகளே பார்வையாளர்களிடம் அதிக மதிப்பீடும் அதிகப் பார்வைகளும் பெற்றிருந்தன.

புராஸ்டேட் புற்றுநோய் பற்றிய 150 காணொலிகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2019இல் வெளியானது. அவற்றுள் 77 விழுக்காட்டில், காணொலியிலோ அதன் கீழுள்ள பின்னூட்டங்களிலோ, தவறான அல்லது ஒருசார்பான செய்திகள் இருந்தன. அறிவியல் தரம் குறைந்த காணொலிகளே அதிகம் பார்க்கப்பட்டன என்ற போக்கும் அதில் தெரியவந்தது.

கொரோனா பரவத் தொடங்கிய 2020 மார்ச் மாதத்தில், அந்நோய் குறித்து அதிகம் பார்க்கப்பட்ட ஆங்கிலக் காணொலிகளில் 69ஐ ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானவற்றில், 27.5 விழுக்காட்டில், உண்மைக்குப் புறம்பான செய்திகள் இருந்தன. அவை மட்டும் 6.2 கோடி முறை பார்க்கப்பட்டிருந்தன. அரசு அமைப்புகளும் துறை வல்லுநர்களும் வெளியிட்ட காணொலிகள் தரத்தில் உயர்ந்திருந்தும், மொத்தப் பார்வைகளில் பத்தில் ஒரு பங்கையே பெற்றன.

மூன்று ஆய்வுகளும் வெவ்வேறு காலத்தவை; வெவ்வேறு நோய்களைப் பற்றியவை. ஆனால் ஒன்றில் ஒத்துப்போகின்றன: பார்வை எண்ணிக்கை நம்பகத்தன்மைக்குச் சான்று அன்று. இதற்குக் காரணம் உண்டு. ஒரு காணொலியை மக்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், அதன்பின் எதைச் சொடுக்குகிறார்கள் என்பன போன்ற குறிப்புகளைக் கொண்டே தளங்களின் பரிந்துரை முறை இயங்குகிறது. அச்சமும் வியப்பும் ஊட்டும் காணொலியை மக்கள் இறுதிவரை பார்க்கிறார்கள். “மருத்துவர்கள் மறைக்கும் உண்மை” என்ற தலைப்புக்குக் கிடைக்கும் கவனம், “மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ளுங்கள்” என்ற தலைப்புக்குக் கிடைப்பதில்லை. ஒருமுறை அத்தகைய காணொலியைப் பார்த்துவிட்டால் அதே போன்ற பத்துக் காணொலிகள் அடுத்தடுத்து வரும். பத்துப் பேர் ஒன்றையே சொல்வதாக உங்களுக்குத் தோன்றும். உண்மையில் உங்கள் முதல் தேர்வையே தளம் பத்து முறை திருப்பித் தருகிறது.

முதல் வகை: அறிந்துகொள்ளச் சொல்பவை

இவ்வகைக் காணொலிகளால் நோயாளிகளுக்கு உண்மையான நன்மை உண்டு. அரசு மருத்துவமனைகளின் புறநோயாளர் பிரிவில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே. அந்நேரத்தில் நோயின் பெயர், மருந்தின் அளவு, அடுத்த வருகையின் நாள் ஆகியவற்றைச் சொல்ல முடிகிறது. நோய் எப்படி உண்டாகிறது என்பதை விளக்க முடிவதில்லை. அந்த இடைவெளியை ஒரு நல்ல காணொலி நிரப்பும்.

செய்துகாட்ட வேண்டிய செயல்களுக்குக் காணொலி எழுத்தைவிடச் சிறந்தது. ஆஸ்துமா நோயாளி உறிஞ்சு மருந்துக் கருவியை எப்படிப் பிடிக்க வேண்டும், மூச்சை எப்போது உள்ளிழுக்க வேண்டும், எத்தனை நொடி அடக்க வேண்டும். இன்சுலின் ஊசியை எந்த இடங்களில் மாற்றி மாற்றிப் போட வேண்டும். வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும்போது கையை எந்த உயரத்தில் வைக்க வேண்டும். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலை எப்படிக் கலக்க வேண்டும். மயங்கி விழுந்தவருக்கு மார்பை அழுத்தி உயிர்காப்பு முதலுதவி செய்வது எப்படி. இவற்றை ஒருமுறை பார்த்தால் மனத்தில் பதிகிறது. உங்களுக்கு இத்தகைய பயிற்சி தேவைப்பட்டால், எந்தக் காணொலியைப் பார்க்கலாம் என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். பார்த்தபின், அதை அவர்கள் முன் ஒருமுறை செய்துகாட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகை: கூடுதலாகச் செய்யச் சொல்பவை

ஒரு சாறு, ஒரு கஷாயம், ஒரு விரதம், ஒரு உணவு முறை என்று வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துச் செய்யச் சொல்பவை இவ்வகை. “இயற்கையானது, பக்கவிளைவு இல்லை” என்ற சொற்களோடு இவை வருகின்றன. நலமாக உள்ள ஒருவருக்கு இவற்றுள் பல தீங்கு செய்வதில்லை. ஆனால் காணொலிக்கு உங்கள் உடல்நிலை தெரியாது. உங்கள் சிறுநீரகம் எப்படி இயங்குகிறது, நீங்கள் எந்த மாத்திரை உட்கொள்கிறீர்கள், கருவுற்றிருக்கிறீர்களா என்பதை அது கேட்பதில்லை. அதனால், பொதுவாகச் சரியான ஒரு செய்தியும் உங்களுக்குத் தவறாகலாம். சில எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

இளநீரும் கீரையும் வாழைப்பழமும் நல்ல உணவுகள். ஆனால் அவற்றில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவரின் உடலால் அதனை வெளியேற்ற இயலாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பு தடுமாறி உயிருக்கே ஆபத்தாகும். “சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் சாறு” என்று பரிந்துரைக்கப்படும் பலவற்றை, சிறுநீரக நோய் உள்ளவர்களே நம்பி அருந்துகிறார்கள் என்பது கவலைக்குரியது.

இந்துப்பு சாதாரண உப்பு அன்று, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தாராளமாகச் சேர்க்கலாம் என்று கூறும் காணொலிகள் உண்டு. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. இரத்த அழுத்தத்தை உயர்த்துவதும் அந்தச் சோடியமே. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக என்ற உலக சுகாதார அமைப்பின் வரம்பு இந்துப்புக்கும் பொருந்தும். மேலும், அயோடின் சேர்க்கப்படாத இந்துப்பை மட்டுமே பயன்படுத்தும் வீட்டில் அயோடின் குறைபாடு ஏற்பட வாய்ப்புண்டு. கருவுற்ற பெண்கள் இதில் சிறப்புக் கவனம் செலுத்த வேண்டும்.

இடைவெளி விட்டு உண்ணும் விரத முறை பற்றிய காணொலிகள் இப்போது மிகுதியாகப் பரவுகின்றன. இன்சுலினோ, கிளிமிப்ரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்ளும் நீரிழிவு நோயாளி, மருந்தின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் அடையக்கூடும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகளை எடுத்துக்கொண்டே மாவுச்சத்தை ஏறக்குறைய முற்றாக விலக்குபவர்களுக்கு, சர்க்கரை அளவு பெரிதும் ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் மிகும் ஆபத்து உண்டு. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரெனக் கீரையின் அளவைக் கூட்டினால் மருந்தின் வலிமை குறையும். அதில் உள்ள வைட்டமின் ‘கே’ இதற்குக் காரணம்.

எனவே இவ்வகைக் காணொலி எதையும் பின்பற்றும் முன், நீங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலோடு மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதை நான் சேர்த்துக்கொள்ளலாமா?” இக்கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

பாதி உண்மையின் வலிமை

முற்றிலும் பொய்யான காணொலியைவிடப் பாதி உண்மை சொல்லும் காணொலியே அதிகம் ஏமாற்றுகிறது. “நீரிழிவை மருந்தின்றி விரட்டலாம்” என்பது இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடிப் பேர். இத்தனை பேரின் ஏக்கத்தை நோக்கியே அக்காணொலிகள் பேசுகின்றன.

இக்கூற்றில் உண்மை அறவே இல்லையா? உண்டு. பிரிட்டனில் நடந்த ‘டைரக்ட்’ என்னும் ஆய்வின் முடிவுகள் 2017 இறுதியில் லான்செட் இதழில் வெளிவந்தன. கடும் உணவுக் கட்டுப்பாட்டின் மூலம் எடையைக் குறைத்தவர்களில் 46 விழுக்காட்டினருக்கு, ஓராண்டின் முடிவில் மருந்தின்றியே சர்க்கரை அளவு நீரிழிவு வரம்புக்குக் கீழே இருந்தது.

காணொலிகள் சொல்லாமல் விடுவது அடுத்த பகுதியை. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்கள், அதிக எடை உள்ளவர்கள், இன்சுலின் எடுக்காதவர்கள். மூன்று முதல் ஐந்து மாதங்கள் வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டுமே கொண்ட வரையறுக்கப்பட்ட உணவு அவர்களுக்குத் தரப்பட்டது. மருந்துகள் நிறுத்தப்பட்டது உண்மை. ஆனால் பயிற்சி பெற்ற குழுவின் தொடர் கண்காணிப்பில் அது நடந்தது. இரண்டாம் ஆண்டின் முடிவில் அந்த 46 விழுக்காடு 36 ஆகக் குறைந்தது. எடை திரும்பினால் நோயும் திரும்புகிறது.

முதல் வகை நீரிழிவுக்கு இது எவ்விதத்திலும் பொருந்தாது. அந்நோயில் உடல் இன்சுலினைச் சுரப்பதே இல்லை எனலாம். அத்தகைய குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் பெருகிச் சில நாள்களில், சில வேளைகளில் ஒரே நாளில், உயிருக்கு ஆபத்தான நிலை உருவாகும். “நீரிழிவு” என்ற ஒரே சொல் இருவேறு நோய்களைக் குறிப்பதைக் காணொலி விளக்காவிட்டால், அதன் விளைவை அனுபவிப்பது குழந்தை.

“எனக்குக் குணமாயிற்று” என்ற சாட்சி

காணொலிகளில் மக்களை மிகவும் கவர்வது நோயுற்று மீண்டவரின் சொந்தச் சாட்சி. அவர் பொய் சொல்வதாக நாம் கருத வேண்டியதில்லை. அவர் குணமடைந்தது உண்மை. எதனால் குணமடைந்தார் என்பதுதான் கேள்வி.

மஞ்சள் காமாலையை எடுத்துக்கொள்வோம். அசுத்தமான குடிநீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரசுகளால் வரும் காமாலை பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிறது. அந்த வாரங்களில் எந்த மருந்தை உட்கொண்டிருந்தாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும். ஆனால் காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அன்று, ஓர் அறிகுறி. ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள், பித்தக்குழாய் அடைப்பு, கணையப் புற்றுநோய் ஆகியவற்றிலும் கண் மஞ்சளாகும். கருவுற்ற பெண்ணுக்குக் கடைசி மூன்று மாதங்களில் ஹெபடைடிஸ் ஈ வந்தால் உயிரிழப்பு வாய்ப்பு மிக அதிகம். குணமான பத்துப் பேர் காணொலியில் பேசுகிறார்கள். குணமாகாதவர் பேசுவதற்கு வருவதில்லை.

டெங்கு காய்ச்சலில் இந்த மயக்கம் இன்னும் ஆபத்தானது. காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே உடல் வெப்பம் இறங்கும். “சாறு குடித்தேன், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது” என்று சொல்லப்படுவது அப்போதுதான். ஆனால் டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்களே மிகக் கவனமாக இருக்க வேண்டிய காலம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து அதிர்ச்சி நிலை ஏற்படுவது அப்போதே. கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும், காய்ச்சல் இல்லை என்றாலும், உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

ஒன்றன்பின் ஒன்று நடந்தால் முன்னதே பின்னதற்குக் காரணம் என்று மனம் முடிவு செய்கிறது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி செலுத்திக்கொண்டார். ஏப்ரல் 17 அன்று மாரடைப்பால் காலமானார். தடுப்பூசியே காரணம் என்று கூறிய காணொலிகளும் குரல் பதிவுகளும் சில மணி நேரத்தில் தமிழகமெங்கும் பரவின. அவரது இதயத்தின் முக்கிய இரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்ததைச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் தெரிவித்தனர். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் அவரது மரணத்துக்குத் தடுப்பூசி காரணம் அன்று, அது தற்செயலாக உடன்நிகழ்ந்தது என்று பின்னர் முடிவு செய்தது. அந்த முடிவு காணொலிகள் சென்ற இடமெல்லாம் சென்று சேரவில்லை.

மூன்றாம் வகை: நிறுத்தச் சொல்பவை, தள்ளிப்போடச் சொல்பவை

எந்தக் காணொலி, யார் சொன்னாலும், மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தவோ, தடுப்பூசியைத் தவிர்க்கவோ, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடவோ, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டாம் என்றோ சொல்கிறதோ, அங்கே நின்றுவிடுங்கள். அது சரியா தவறா என்று நீங்கள் தனியே ஆராய வேண்டியதில்லை. உங்களை நேரில் பார்க்காத ஒருவர் அந்த முடிவை எடுக்க இயலாது என்பதே போதுமான காரணம்.

உயர் இரத்த அழுத்தம் இதில் தனியே குறிப்பிடத்தக்கது. பெரும்பாலானோருக்கு அது எந்த அறிகுறியையும் தருவதில்லை. ஆகவே மாத்திரையை நிறுத்தியவர், “ஆறு மாதமாக மாத்திரை இல்லை, எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்று மனமாரச் சொல்லலாம். அந்த ஆறு மாதமும் உயர்ந்த அழுத்தம் மூளையின், சிறுநீரகத்தின் இரத்தக் குழாய்களைச் சிதைத்துக்கொண்டிருக்கும். 2020இல் தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கும், நீரிழிவு உள்ளோரில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே அந்நோய்கள் கட்டுப்பாட்டில் இருந்தன. மருந்தை வீட்டுக்கே கொண்டுசேர்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டதற்கு இந்நிலையே பின்னணி. வீட்டு வாசலுக்கு வந்த மாத்திரையை ஒரு காணொலி குப்பைக்கு அனுப்பிவிடக் கூடாது.

பின்வரும் மருந்துகளை மருத்துவரின் அறிவுரையின்றித் திடீரென நிறுத்துவது பெரும் ஆபத்தை விளைவிக்கும்:

• இன்சுலின்: இரத்தத்தில் அமிலம் மிகுந்து சுயநினைவு இழப்பு.
• வலிப்பு மாத்திரைகள்: அடுத்தடுத்து நிற்காத வலிப்பு.
• நீண்ட நாள் எடுத்துவந்த ஸ்டீராய்டு மாத்திரைகள்: இரத்த அழுத்தம் இறங்கி உயிராபத்து.
• இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தியபின் தரப்படும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள்: ஸ்டென்ட் அடைபட்டு மாரடைப்பு.
• இதயத்துடிப்பைக் குறைக்கும் அட்டினலால், மெட்டோபுரலால் போன்றவை: நெஞ்சுவலி மீளுதல்.
• காசநோய் மருந்துகள்: நோய் மீளுதல், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறுதல்.

பிரசவத்தில் தாமதத்தின் விலை

2018 ஜூலையில் திருப்பூரில், இணையக் காணொலிகளின் துணையோடு வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில், கடும் இரத்தப்போக்கால் ஓர் இளந்தாய் உயிரிழந்தார். அடுத்த சில நாள்களில், வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஒருவர் கோவையில் கைது செய்யப்பட்டார்.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. “நம் பாட்டிமார் வீட்டில்தானே பெற்றார்கள்” என்னும் வாதம் இந்நிலையில்தான் எடுபடுகிறது. பிரசவத்தில் இறந்த தாய்மாரைப் பற்றிய நினைவு நம் தலைமுறையில் ஏறக்குறைய மறைந்துவிட்டதால், பிரசவம் தானாகவே பாதுகாப்பானது என்று தோன்றுகிறது. உண்மையில் அதைப் பாதுகாப்பானதாக ஆக்கியது மருத்துவமனை.

பெரும்பாலான பிரசவங்கள் இயல்பாக நடப்பது உண்மை. ஆனால் குழந்தை பிறந்தபின் யாருக்குக் கட்டுக்கடங்காத இரத்தப்போக்கு ஏற்படும் என்பதை முன்கூட்டியே உறுதியாகக் கணிக்க இயலாது. எந்தச் சிக்கலும் இல்லாத தாய்க்கும் அது ஏற்படுகிறது. அதனால்தான் குழந்தை பிறந்தவுடன் ஒவ்வொரு தாய்க்கும் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் ஊசி போடப்படுகிறது. அதையும் மீறி இரத்தப்போக்கு தொடர்ந்தால், இரத்தம் ஏற்றவும் அறுவை சிகிச்சை செய்யவும் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ஒரு காணொலி பிரசவத்தைக் காட்ட முடியும். இரத்தம் தர முடியாது.

தடுப்பூசியிலும் இதே பாடம் கிடைத்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான ஏறத்தாழ 1.76 கோடிக் குழந்தைகளுக்கு தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. வாட்ஸ்அப் வழியே பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. கருவுற்ற பெண்ணுக்கு ருபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமை, கண்புரை, இதயக் குறைபாடு ஏற்படலாம். அன்று தடுப்பூசியைத் தவறவிட்ட ஒரு சிறுமிக்கு, அந்த ஆபத்து அவள் தாயாகும் வயதில்தான் வந்து நிற்கும்.

முகமும் வெள்ளை அங்கியும் சான்று அல்ல

பேசுபவர் மருத்துவரா என்பதை அங்கியைக் கொண்டோ பெயருக்கு முன்னுள்ள ‘டாக்டர்’ என்ற சொல்லைக் கொண்டோ முடிவு செய்ய வேண்டாம். அலோபதி மருத்துவர்களின் பதிவைத் தமிழ்நாடு மருத்துவ மன்றத்தின் இணையதளத்திலும் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலும் சரிபார்க்கலாம். சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஓமியோபதி மருத்துவர்களும் உரிய மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு இருந்தாலும், அவர் பேசும் நோய் அவரது துறையைச் சார்ந்ததா என்பதையும் பாருங்கள்.

இப்போது புதிய ஆபத்து ஒன்றும் சேர்ந்துள்ளது. செயற்கை நுண்ணறிவின் உதவியால், புகழ்பெற்ற மருத்துவர்களின் முகத்தையும் குரலையும் போலியாக உருவாக்கி மருந்து விற்கும் காணொலிகள் பரவுகின்றன. பிரிட்டனில் தொலைக்காட்சி வழியே அறியப்பட்ட மைக்கேல் மோஸ்லி, ஹிலாரி ஜோன்ஸ் போன்ற மருத்துவர்களின் உருவங்கள் இவ்வாறு பயன்படுத்தப்பட்டதை பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2024 ஜூலையில் வெளிப்படுத்தியது. இந்தியாவிலும் முன்னணி மருத்துவர்களின் பெயரில் இத்தகைய போலிகள் வந்துள்ளன. ஒரு மருத்துவர் காணொலியில் நேரடியாக ஒரு பொருளை வாங்கச் சொன்னால், அதனையே முதல் எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், அதன் அட்டவணையில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. நீரிழிவு, புற்றுநோய், காசநோய், வலிப்பு, பக்கவாதம், இரத்த அழுத்தக் கோளாறு, உடல்பருமன் ஆகியவை அவ்வட்டவணையில் அடங்கும். முதன்முறை மீறினால் ஆறு மாதம் வரையும், மீண்டும் மீறினால் ஓராண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கும் அதனைப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை, தொடர்ந்து மீறினால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உடல்நலம் பற்றிப் பேசும் பிரபலங்களுக்கும் சமூக ஊடகச் செல்வாக்காளர்களுக்கும் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஆகஸ்டில் கூடுதல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தகுதிபெற்ற மருத்துவர்கள் தம் தகுதியைத் தெரிவிக்க வேண்டும். மற்றவர்கள், தங்கள் கருத்து மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அன்று என்று தெளிவாக அறிவிக்க வேண்டும்.

சட்டம் இருந்தும் காணொலிகள் குறையாதது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். புகார் வந்து நடவடிக்கை எடுக்கப்படுவதற்குள் காணொலி பல்லாயிரம் கைப்பேசிகளுக்குச் சென்றுவிடுகிறது. நீக்கப்பட்டதும் வேறொரு பெயரில் மீண்டும் வருகிறது. மேலும், விற்பனை ஏதுமின்றித் தவறான கருத்தை மட்டும் கூறுபவரை விளம்பரத்துக்கான சட்டத்தின்கீழ் கொண்டுவருவது எளிதன்று. ஆகவே கடைசிக் காவல் பார்வையாளரிடமே இருக்கிறது.

பார்க்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்

1. இக்காணொலி என்னை எதை நிறுத்தச் சொல்கிறது? எதைத் தள்ளிப்போடச் சொல்கிறது? அப்படிச் சொன்னால், மருத்துவரைக் கேட்காமல் எதையும் செய்ய வேண்டாம்.
2. பேசுபவர் யார்? அவரது பெயர், தகுதி, பதிவு எண் தெரிகிறதா?
3. இறுதியில் ஏதேனும் விற்கப்படுகிறதா?
4. எப்போது வெளியிடப்பட்டது? மருத்துவ வழிகாட்டுதல்கள் மாறிக்கொண்டே இருக்கும்.
5. பக்கவிளைவு, யாருக்குப் பொருந்தாது, எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பவை சொல்லப்படுகின்றனவா? நல்ல காணொலி தன் எல்லையைச் சொல்லும்.
6. ஒரே மருந்து பல நோய்களையும் குணமாக்கும் என்கிறதா? “நூறு விழுக்காடு”, “நிரந்தரம்”, “ஏழே நாளில்” என்ற சொற்கள் வருகின்றனவா?

குடும்பத்தில் பெரியவர் ஒருவர் ஒரு காணொலியை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டதாக அறிந்தால், கடிந்துகொள்ள வேண்டாம். கடிந்தால் அடுத்த முறை மறைப்பார். “டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யலாம், அப்பா” என்று சொல்லி, அக்காணொலியையும் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு அவரை அழைத்து வாருங்கள். எந்த மருந்தை எந்த நாளில் நிறுத்தினார் என்பதையும் குறித்து வாருங்கள்; சிகிச்சையைத் திருத்தியமைக்க அது மருத்துவருக்குத் தேவைப்படும்.

காணொலி தேடக் கூடாத நேரம்

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் ஒருபுறம் கோணுதல், கை அல்லது கால் திடீரெனச் செயலிழத்தல், பேச்சுக் குழறல், வலிப்பு, பாம்புக்கடி, பிரசவ வலி, கருவுற்றவருக்கு இரத்தப்போக்கு, குழந்தை பால் குடிக்காமல் துவண்டுபோதல் ஆகியவற்றில் காணொலி தேடி ஒரு நிமிடத்தையும் செலவிட வேண்டாம். உடனே 108 எண்ணை அழைக்கவும்.

மருத்துவ ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம். கிராம சுகாதார செவிலியரையும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் அணுகலாம். தவறான விளம்பரத்தைப் பற்றி 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், இணையத்தில் மருந்து வாங்கிப் பணத்தை இழந்திருந்தால் 1930 எண்ணிலும் புகார் அளிக்கலாம். ஐயத்துக்குரிய காணொலி உங்களுக்கு வந்தால் மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது. உங்களுக்கு ஐயம் எழுந்த அதே காணொலி, நீங்கள் அனுப்பினீர்கள் என்பதற்காகவே அடுத்தவரால் நம்பப்படும்.